சனிக்கிழமை கவுன்சிலிங்

தாராவி
10.6.2024

மாதா துணை

மருமகள் ஷைனிக்கு மாமியார் சகாயராணி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமில்லை. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும், ஆனாலும் கேட்டு எழுதுவதுதான் முறை. பேத்தி பெனிட்டாவுக்கு ஆயிரம் முத்தம்.

போனில் பேசாமல் கடுதாசி எழுத விலாசம் எதற்கு என்று உன் அண்ணன் நம் பக்கத்து வீட்டு ஷமீமாவிடம் கேட்டானாம். செவிட்டுக் காதில் போனை வைத்து நான் என்ன செய்ய? அஞ்சாங்கிளாஸ் வரை வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. படிப்புதான் நின்றுபோனது, ஞாபகம் போகவில்லை. மறக்கிற மண்டையை ஆண்டவர் எனக்குத் தரவில்லை. உன் கல்யாணப் பந்தியில் என் அக்காளுக்கு இலை போடாமல் உன் அம்மா தாண்டிப் போனதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் கோபம் வந்தபோது மட்டும்.

அது கிடக்கட்டும். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு டோம்பிவிலிக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போனதில் இருந்து ஜெப்ரி மேல் மாளாப் பரணை விட்டு இறங்கவில்லை. கக்கூசுக்கு இறங்குவதோடு சரி. அந்தத் தகரக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சோற்றுத் தட்டை ஏணிப்படியில் வைத்தால் பாதி தின்கிறான், மீதி காய்ந்து கிடக்கிறது. பை தைக்கிற கார்கானாவில் இருந்து ரெண்டு தடவை ஆள் வந்தது. மூன்றாம் தடவை வரவில்லை, அவன் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்களாம்.

நேற்று ஏணியில் ஏறிப்போய்க் கேட்டேன்.

"எய்யா, ஒனக்கு என்னய்யா செய்யுது?"

என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னான்: "ஒண்ணும் செய்யலம்மா. ஒண்ணுமே செய்யல. அதாம் பிரச்சன."

இப்படியும் ஒரு பதில் உண்டா? பெண்டாட்டி விட்டுப் போன ஏக்கம், வேறு என்ன. ஒரு அடி அடித்துவிட்டான், ஒத்துக்கொள்கிறேன். அடித்த கையைத்தான் இப்போது நாளெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்கிறான். நம் சாலில், இத்தனை வரிசை வீட்டில், அடி வாங்காத பெண்டாட்டி யார்? அவளவள் பெட்டியைத் தூக்கினால் பம்பாயில் ரயில் பத்துமா?

கோபத்தை அங்கே விட்டுவிட்டு வா. மாதா உன் பிள்ளையைக் காக்கட்டும். உன்னையும்.

சகாயராணி

*

டோம்பிவிலி
18.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஷைனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? மழை தொடங்கிவிட்டது, தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்கு நீங்கள் போக வேண்டாம், வழுக்கும். ஷமீமா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் மகள் அஃப்ஷா பிடித்துத் தருவாள்.

என் அம்மா இலை போடாததற்கு அவர்கள் சார்பில் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தை, நான் அடிக்காகப் போகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் கை நீட்டினது அது ஒரு தடவைதான், அது எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் நாலைந்து மாதமாக அவர் தூங்கவில்லை, அது உங்களுக்குத் தெரியாது. விளக்கை அணைத்தபிறகு எழுந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "நான் எதுக்கு இருக்கேன்னு யோசிக்கேன், நீ தூங்கு" என்பார். எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அதனால்தான் போனேன்.

இது ஏக்கம் இல்லை, வியாதி. நான் வேலை செய்கிற இடத்தில் இதைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அதைப் பைத்தியக்கார ஆபீஸ் என்பீர்கள், பரவாயில்லை. ஷ்யாமளா மேடம் மாத்திரை கூடக் கொடுப்பதில்லை. கேட்பார், பேசுவார், அவ்வளவுதான். மாத்திரை வேண்டுமென்றால் வேறு டாக்டரிடம் அனுப்புவார். நம் பாஷை பேசுகிறவர். நான் சொன்னால் உங்கள் மகனுக்கு ஒரு நேரம் ஒதுக்குவார்.

வாசலில் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுப்பதுதான் என் வேலை. யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். காலேஜ் பெண்கள் தாங்களாகவே வருகிறார்கள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பார்லருக்கு வருகிற மாதிரி. ஆபீஸ் போகிற பெண்கள் சாப்பாட்டு வேளையில் வருகிறார்கள். ஆண்களுக்கு நேரம் வாங்குவது பெண்டாட்டிதான், இல்லையென்றால் அம்மா. வந்து உட்கார்ந்ததும், "எனக்கு ஒண்ணுமில்ல, இவ தொல்ல தாங்காமத்தான் வந்தேன்" என்று என்னிடமே சொல்வார்கள். பேரை மாற்றிச் சொல்வார்கள். ஒரு பாங்க் சார் மாடிப்படி வரை வந்து வந்து திரும்பிப் போனார். கடைசியில் ஒரு நாள் மேலே ஏறிவந்து, "இங்கே பல் டாக்டர் இருக்காரா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். "சரி, வந்தது வந்தாச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். இப்போது ஒழுங்காக வருகிறார்.

நம் தாராவியில் இருந்து நான் பார்த்தவர்கள் எல்லாம் பெண்கள்தான். அவர்களும் தங்களுக்கென்று வரவில்லை. வீட்டுக்காரருக்கு, மகனுக்கு, தம்பிக்கு என்று கேட்டு வருகிறார்கள். "அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று மேடம் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். அதோடு சரி. எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆபீசில் இருந்து நடந்தால் நம் வீடு பக்கம்தான். ஒவ்வொரு சாயங்காலமும் நினைக்கிறேன். கால் வரமாட்டேன் என்கிறது, அத்தை.

அன்புடன்,
ஷைனி

*

தாராவி
25.6.2024

மாதா துணை

ஷைனிக்கு,

உன் கடுதாசி வந்தது. படித்ததில் இருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

மாட்டுங்காவில் எந்தத் தெரு என்று எழுதாமல் விட்டாய். உன் ஆபீஸ் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி இடதுபக்கம், பூக்கடைக்கு மேல்மாடி என்று ஷமீமா சொன்னாள். அந்தத் தெருவை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் மாமனாருக்குத் தோல் கம்பெனி மூடினபோது நான் அங்கே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். காபி கொடுக்க எனக்குத் தனி டம்ளர், ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருப்பார்கள். காக்கா எச்சம் போட்டிருக்கும், நானே கழுவிக் குடிக்க வேண்டும். ஷ்யாமளா என்று ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. அதுதான் இதுவோ, வேறு ஷ்யாமளாவோ. எதுவானாலும் அந்தத் தெருவிலா என் மகன் படியேறிப் போய் அழ வேண்டும்? நம் வீட்டுச் சங்கதியை நீ ஏற்கெனவே அந்த அம்மாவிடம் சொல்லியாயிற்று, அதுவும் புரிந்துவிட்டது.

இது மாட்டுங்காக்காரர்களின் வியாதி. வயிறு நிறைந்து, வேலைக்கு ஆள் வைத்து, உட்கார்ந்து யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு வருவது. நம் சாலில் யாராவது போனதுண்டா? பஞ்சு என்று ஒருத்தன் கல்லெறிந்தான், அவனைக் கட்டிப் போட்டார்கள், அது பைத்தியம். என் மகன் யார்மேல் கல்லெறிந்தான்? ஒரு ஈயை அடித்ததில்லை. (உன்னை அடித்தது வேறு.) மாளாவில் உட்காருகிறான் என்றால், உன் மாமனாரும்தான் உட்கார்ந்தார். உனக்கு அது தெரியாது, நீ அப்போது ஊரில் பாவாடை கட்டித் திரிந்திருப்பாய். கம்பெனி மூடினதும் இதே மாளாவில், இதே தகரத்துக்கு அடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார். நான் எந்த மேடத்திடமும் கூட்டிப் போகவில்லை. சோற்றை வைத்தேன், ஜெபமாலை சொன்னேன், திட்டவும் செய்தேன். ஒரு நாள் காலையில் தானாக இறங்கினார். குளித்தார். சவரம் பண்ணினார். சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போனார். பிறகு சாகும்வரை ஒரு நாள் லீவு போடாத மனுசன். அவருக்கு என்ன வியாதி? சொல் பார்ப்போம்.

இவனும் அவர் பிள்ளைதான். இறங்குவான். நீ வந்து நின்றால் சீக்கிரம் இறங்குவான்.

ஃபாதரிடம் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். பெனிட்டா பள்ளிக்கூடம் போகிறாளா? என்னைக் கேட்கிறாளா?

சகாயராணி

*

டோம்பிவிலி
6.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

டம்ளர் விஷயத்தை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இலை போடாததை எல்லாம் சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை. படித்துவிட்டு ஆபீசில் மேடத்தின் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் கஷ்டமாக இருந்தது. கேட்டேன். அவர்கள் செம்பூரில் வளர்ந்தவர்கள், அந்தப் பிள்ளை இவர் இல்லை. ஆனாலும், "அவங்க கேட்டதுல தப்பே இல்ல ஷைனி, இந்தத் தெருவுல படியேறணும்னா யோசிக்கத்தான் செய்வாங்க" என்றார்.

மாமா தானாக எழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாதா செய்த புண்ணியம். எல்லாரும் எழுந்துவிடுவதில்லை அத்தை. எழுந்தவரை நீங்கள் பார்த்தீர்கள். எழாதவர்களின் பெண்டாட்டிகளை நான் பார்க்கிறேன்.

உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கெஞ்சிக் கேட்கிறேன். வருகிற 20-ம் தேதி சனிக்கிழமை காலையில் அவருக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். என் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன், அதைப்பற்றி யோசிக்க வேண்டாம். நான் வாசலிலேயே இருப்பேன். பெனிட்டாவையும் கூட்டிவருவேன், அப்பாவைப் பார்க்கட்டும். பேசி முடித்ததும் மூன்று பேரும் கீழே ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அவர் கூப்பிட்டால் அவரோடு தாராவிக்கு வந்துவிடுகிறேன். இது சத்தியம். என் அண்ணன் என்ன சொன்னாலும் வருவேன்.

அவரிடம் நானே சொல்லலாம் என்றால், நான் அனுப்புகிற எதையும் அவர் திறந்து பார்ப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விஷயம். டாக்டர், பைத்தியம், வியாதி என்கிற பேச்சே வாயில் வர வேண்டாம். கேட்டால் மிரண்டுவிடுவார். "ஷைனி கவுன்சிலிங்குக்கு வரச்சொன்னாள்" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் ஆபீசில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வோம். காதில் உறுத்தாத வார்த்தை.

செய்வீர்கள் என்று நம்புகிறேன். உங்களைவிட்டால் எனக்கும் அவருக்கும் நடுவில் வேறு யார் இருக்கிறார்கள்?

பெனிட்டா பள்ளிக்கூடம் போகிறாள். உங்களைக் கேட்கிறாள். அப்பாவைத்தான் கேட்பதில்லை.

அன்புடன்,
ஷைனி

*

தாராவி
19.7.2024, வெள்ளிக்கிழமை

மாதா துணை

அன்பு மருமகள் ஷைனிக்கு,

அன்பு என்று எழுதியிருக்கிறேன் பார். இது கையில் கிடைக்கும்போது அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், ரெண்டு பேருமாகப் படித்துச் சிரியுங்கள். சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இறங்கிவிட்டான்! நான் சொன்னேனா இல்லையா? அப்பாவைப் போலவே இறங்கினான்.

உன் கடுதாசியை ரொம்ப நாள் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டேன், சொல்ல மனசில்லை. அந்தத் தெரு என் தொண்டையில் நின்றது. நேற்றுச் சாயங்காலம்தான், எக்கேடும் கெட்டுப் போகட்டும், நீயும் பேத்தியும் வீடு திரும்பினால் சரி என்று ஏணியடியில் நின்று சத்தம் போட்டேன்.

"எய்யா! நாளக்கழிச்சு சனிக்கெழம ஷைனி ஒன்னக் கவுன்சிலிங்குக்கு வரச்சொல்லிருக்கா!"

நீ எழுதினபடி அந்த ஒரு வார்த்தைதான். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. டாக்டர் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

பாதி ஏணி இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து என்னமோ கேட்டான். என் காதுதான் உனக்குத் தெரியுமே. வாயைப் பார்த்தேன். ஆறுமுகநயினார் பேர் மட்டும் புரிந்தது. நம் கடைசி வீட்டு நயினாரை, அவன் பெண்டாட்டி போலீஸ் சௌக்கியில் கம்ப்ளைன்ட் கொடுத்துக் கவுன்சிலிங் என்று கூப்பிட்டுப் பகல் முழுக்கத் தரையில் உட்கார்த்தி வைத்தார்களே, அவனைத்தான். அவன் பேச்சு இப்போது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தைரியம் சொல்ல வேண்டும் இல்லையா?

"ஆமாய்யா, நயினாரும் போனாம்லா! போயிட்டு வந்து இப்பம் பொண்டாட்டியோட நல்லாத்தான இருக்கான்! ஒண்ணும் பயப்படாத, ஷைனி அங்கயே நிப்பா!" என்றேன்.

 பிறகு தலையை ஆட்டினான். மேலே ஏறிப் போய்விட்டான்.

இன்றைக்குக் காலையில் நான் தண்ணீர் பிடித்துவிட்டு வருகிறேன், வீட்டுக்குள் சோப்பு மணம்! குளித்திருக்கிறான். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துச் சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறான். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறதே தவிர, அதே ராசா முகம். கலியாண ஆல்பத்தில் இருக்கிற நீலச்சட்டை மாதிரி ஒன்று இருக்குமே, அதைப் போட்டுக்கொண்டான். நான் இட்லி அவித்துக் கொடுத்தேன், நாலும் தின்றான். என் தட்டை எடுத்துக் கழுவி வைத்தான். பிறந்ததில் இருந்து இந்தக் காரியம் அவன் செய்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று என் கையைப் பிடித்து, காதுக்குள், "அம்மா, நீ எங்கிட்ட நல்லாத்தாம் இருந்த" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சனிக்கெழமைலா, இன்னைக்கே எங்கய்யா போற?" என்றேன். தாதர் பக்கம் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டினான். பெனிட்டாவுக்கு ஏதாவது வாங்கப் போகிறானாக இருக்கும். இல்லையென்றால் பொறுக்க முடியாமல் இன்றைக்கே டோம்பிவிலிக்கு வண்டி ஏறியிருப்பான். ரெண்டும் சந்தோஷம்தான்.

பெனிட்டாவும் வருவாள் என்பதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கே மறதி பார்! பரவாயில்லை, நேரில் பார்த்ததும் பூரித்துப் போகட்டும்.

நீ ஜெயித்தாய் என்று எழுதமாட்டேன். அந்த மேடத்திடம் போகும் முன்பே அவன் இறங்கிவிட்டான், அதை நீ நினைவில் வை. ஆனால் நீ கூப்பிட்டுத்தான் இறங்கினான், அதை நானும் நினைவில் வைக்கிறேன்.

ஷமீமா இதைத் தபால் பெட்டியில் போட நிற்கிறாள், முடிக்கிறேன். எல்லாருமாக வாருங்கள். மீன் வாங்கி வைக்கிறேன்.

உன் அத்தை
சகாயராணி

*

டோம்பிவிலி
2.8.2024

அத்தை,

என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கல்லறையில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "புருசனைத் தின்றவள்" என்று உங்கள் அக்காள் மகள் சொன்னபோது நீங்கள் தடுக்கவும் இல்லை. உங்களுக்குக் காது கேட்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அன்பு மருமகள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

அவர் ஏணியில் நின்று உங்களிடம் கேட்டது, "நயினாரைக் கூப்பிட்ட மாதிரியா?" என்றுதான் இருக்கும். நான் அவர்மேல் கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டேனா, போலீஸ் கூப்பிடுகிறதா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஆமாம் என்றீர்கள். நம் சாலில் கவுன்சிலிங் என்றால் சௌக்கிதான். பெண்டாட்டி எழுதிக் கொடுத்தால் புருசனைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார்த்துவது. எனக்கு அது தெரியாதா? பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தவள். நயினார் பெண்டாட்டிக்குத் துணைக்குப் போனவளே நான்தான். ஆனால் இந்த வேலைக்கு வந்தபிறகு அந்த வார்த்தை எனக்கு வேறாக மாறிப் போயிருக்கிறது. தினமும் போனில் நானே நூறு தடவை சொல்கிறேன். மெத்தென்ற வார்த்தை என்று நினைத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் குளித்தார், சவரம் பண்ணினார் என்று படித்தபோது, ரொம்ப நாள் கிடந்தவர் திடீரென்று அமைதியாகி எழுந்தால் அன்றைக்குத்தான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மேடம் வீட்டு ஆட்களிடம் சொல்வது ஞாபகம் வந்தது. அதை நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இறங்கி வந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தாதர் ரயில்வே போலீஸ் என் நம்பருக்குத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவர் போனில் என் பெயர் "வீடு" என்று இருந்ததாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெனிட்டா பேசுவதை நிறுத்திவிட்டாள். அடம் இல்லை, அழுகையும் இல்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். டீச்சர் கூப்பிட்டு யாரிடமாவது காட்டச் சொன்னார்கள். அண்ணன், "அப்பன் இப்படிப் போனான், பிள்ளையையும் அங்கே கூட்டிப் போனால் நாளைக்கு எவன் கட்டுவான்? வெளியில் தெரியக் கூடாது" என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறாள்.

அத்தை, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறேன். என் பிள்ளை பேரை எழுதப் பேனாவை எடுத்தால் கை நிற்கிறது. எத்தனை பெண்களை, "ஏன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்?" என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

உங்களிடம் எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் எழுத முடியவில்லை.

ஷைனி

*

தாராவி
15.8.2024, மாதா திருநாள்

ஷைனிக்கு,

இன்றைக்குத் திருநாள். கோயிலுக்குப் போகவில்லை. மாதா வந்து பார்க்கட்டும்.

உன் கடுதாசியை ரெண்டு தடவை படித்தேன். பிறகு ஷமீமா வீட்டுக்குப் போய் அஃப்ஷாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், கவுன்சிலிங் என்றால் என்ன என்று. அந்தப் பிள்ளை முழித்தது. "பாட்டிம்மா, அது சும்மா, மனசு விட்டுப் பேசப் போறது" என்று காதருகே மெதுவாகச் சொன்னது. எனக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு ளா" என்றேன். கத்திச் சொன்னது: "மனசு சரியில்லன்னா போயிப் பேசுறது! எங்க காலேஜ்லயே இருக்கு! நானே போயிருக்கேன்!" ஷமீமா அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்து நின்றாள். மகள் போன கதை அவளுக்கே அப்போதுதான் தெரியும். அங்கே பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் எழுந்து வந்துவிட்டேன்.  இப்போது தாயும் மகளும் பேசிக்கொள்கிறார்கள்.

சரி. உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? பன்னிரண்டாங்கிளாஸ் படித்தவள். "உன்கிட்ட பேசணும்னு ஷைனி கூப்பிடுதா" என்று எழுதியிருந்தால் நான் அதைத்தானே சொல்லியிருப்பேன்? "பிள்ளை உன்னைப் பார்க்க வாரா" என்று அதை முதல் வரியில் எழுதியிருந்தால்? எதற்கோ நடுவில் எழுதினாய், நான் கோட்டைவிட்டேன். நான் சொன்ன ஆமாவை நான் சுமந்துகொள்கிறேன். நீ எழுதினதை நீ சுமந்துகொள். பங்கு போட வராதே. அவன் அந்த வார்த்தையால் போனானா, வியாதியால் போனானா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் மேடத்துக்கும் தெரியாது. தெரிந்தவன் போய்விட்டான்.

என் அக்காள் மகள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வாயைப் பார்த்தேன், புரிந்தது. தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பொய் எழுத எனக்கு வராது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற வயசு தாண்டிவிட்டது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கவனமாகக் கேள்:

பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போ.

சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தவள் சொல்கிறேன். ஒரு தடவை இறங்கி வந்தார், அதை வைத்துக்கொண்டு எல்லாத் தடவையும் வருவார்கள் என்று இருந்துவிட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்க, நீ வாசலில் அடுத்தவர் பேரை எழுதிக்கொண்டு இருப்பாயா? உன் அண்ணனிடம் சொல், பாட்டி சகாயராணி அனுப்பச் சொன்னாள் என்று. நாளைக்கு எவனாவது கேட்டால், அப்பன் வீட்டு வழியில் அப்படி, அந்தக் கிழவியே ஒரு மாதிரி என்று என் தலையில் போடச் சொல். நாலு வீட்டுப் பேச்சைத் தாங்காத தலையா இது? அந்தத் தெருவில்தான் போக வேண்டும் என்றால் அந்தத் தெருவிலேயே போங்கள். நான் கூட வரமாட்டேன், அந்தப் படியை நான் ஏறமாட்டேன். நீங்கள் ஏறுங்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே. உன் எழுத்தைப் பார்த்தால் அந்த வார்த்தைதான் கண்ணில் நிற்கிறது. பிள்ளை பேச ஆரம்பித்தால் ஷமீமாவிடம் சொல்லி அனுப்பு, போதும்.

கூட்டிப் போகிற அன்றைக்கு அவளை உட்கார்த்தி வைத்து, எங்கே போகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம், அவர்கள் என்ன கேட்பார்கள், நீ எங்கே உட்கார்ந்திருப்பாய், எப்போது வீட்டுக்கு வருவீர்கள், எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல். சின்னப் பிள்ளைதானே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடாதே.

சகாயராணி